நாற்காலி மாறி உட்கார்ந்த ஹெர்டிஸ்

ஹெர்டிஸ் மொல்னெஸ் எங்கள் பத்திரிகையில் வேலை பார்த்த காலம் முழுவதும் யாரையாவது திட்டிக்கொண்டே இருந்தார். நகராட்சித் தலைவரைத் திட்டுவார், மீன் பண்ணை முதலாளிகளைத் திட்டுவார், ஜெபவீட்டுக்காரர்களைத் திட்டுவார், எங்களையும் திட்டுவார். அவர் வாயிலிருந்து தப்பித்த ஒன்று உண்டென்றால் அது முறையீட்டு மன்றம்தான்.

மேற்குக் கடற்கரையின் சின்ன ஊர்ப் பத்திரிகைகள் கூடி ஏற்படுத்திக்கொண்ட மன்றம் அது. ஒரு செய்தியால் அடிபட்ட எவரும் வக்கீல் வைக்காமல், கட்டணம் கட்டாமல் அங்கே முறையிடலாம். பத்திரிகைக்காரர்கள் ஐந்து பேரும் வெளியாட்கள் இரண்டு பேரும் விசாரிப்பார்கள். தவறு என்று தீர்ப்பானால், தவறு செய்த பத்திரிகை அந்தத் தீர்ப்பைத் தன் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். அபராதம் இல்லை, சிறை இல்லை. வெட்கம் ஒன்றுதான் தண்டனை.

"வெக்கப்படத் தெரிஞ்சவனுக்கு அது போதும்" என்பார் ஹெர்டிஸ்.

"தெரியாதவனுக்கு?" என்று நான் ஒரு தடவை கேட்டேன்.

"அவன் எப்படிப் பத்திரிகைக்காரன் ஆவான்?"

இந்த நம்பிக்கை அவருக்கு வந்த வழி எனக்குத் தெரியும். அவருடைய அப்பா மீன் எண்ணெய் ஆலையில் இரவுக் காவலாளி. ஆலை தீப்பிடித்தபோது, காவலாளி குடித்துவிட்டுத் தூங்கியதாக அந்தக் காலத்துப் பத்திரிகை ஒன்று எழுதியது. அந்த மனிதர் ஜெபவீட்டுக்காரர், குடியைப் பாவமென்று ஒதுக்கும் கிறிஸ்தவக் கூட்டம். ஆயுளில் ஒரு சொட்டு பியர் தொட்டதில்லை. மின்கம்பியால் வந்த தீ என்று பிறகு தெரிந்தது. பத்திரிகை அதை எழுதவில்லை. அவர் கடவுளிடம் முறையிட்டார், கடவுளும் எழுதவில்லை. பதினைந்து வயது மகள் இரண்டையும் பார்த்தாள். அந்த வயதுப் பிள்ளைகள் தேவாலயத்தில் எடுக்கும் விசுவாச உறுதிமொழியை அந்த ஆண்டே எடுக்க மறுத்துவிட்டாள். கடவுளிடமிருந்து பிடுங்கிய நம்பிக்கையைப் பிறகு எங்கே வைப்பது என்று தேடி, கடைசியில் மன்றத்தில் கொண்டுபோய் வைத்தாள். மன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அன்று அலுவலகத்துக்குக் கேக் வாங்கி வந்தார் ஹெர்டிஸ். எங்களுக்குத் தெரிந்து அவர் வாங்கிய ஒரே கேக்.

நாங்கள் கேக்கைத் தின்றோம். மன்றத்தைப் பற்றி எங்கள் கருத்து வேறாக இருந்தது.

ஆசிரியர் ஹால்வார் அதை ஒரு காப்பீடு என்பார். "அரசாங்கம் சட்டத்தைத் தூக்கிக்கிட்டு உள்ள வராம இருக்கணும் இல்ல? அதுக்கு நாம கட்டற தவணை. வருஷத்துக்கு ஒரு திட்டு வாங்கினா போதும், வீடு பத்திரம்."

செய்தியாளன் ஸ்வெர்ரே இன்னும் சுருக்கமாகச் சொல்வான். "அது நம்ம வீட்டு நாய். நம்மளப் பாத்தா வாலாட்டும்."

ஒரு பாதிரியாரின் பாவத்தை இன்னொரு பாதிரியார் மன்னிக்கும் ஏற்பாடு என்று நான் சொன்னேன். ஹெர்டிஸ் என் பக்கம் திரும்பினார்.

"பெரிய அறிவாளி. அப்ப யார் கேக்கணும்? மந்திரியா? இன்னிக்கு உன்னைக் கேப்பான், நாளைக்கு அவனைப் பத்தி எழுதினா உன் வாயைத் தைப்பான். வேற வழி இருந்தா சொல்லு, கேக்கறேன்."

நான் என் பக்க அமைப்பு வேலைக்குத் திரும்பினேன்.

ஈஸ்டர் விடுமுறைக்கு முந்தைய புதன்கிழமை. அன்று மாலை வீடுகளுக்குப் போகும் இதழுக்குப் பிறகு அடுத்த செவ்வாய்வரை பத்திரிகை கிடையாது. மலைக்குடில்களில் அடைந்து கிடக்கும் சனங்கள் ஆரஞ்சு உரித்துக்கொண்டு அந்த ஒரே இதழைக் கை மாற்றிக் கை மாற்றிப் படிப்பார்கள். குறுக்கெழுத்து முடிந்த பிறகு விளம்பரங்களைக்கூடப் படிப்பார்கள். அந்த முதல் பக்கத்தின் மேல் எந்த ஆசிரியருக்கும் ஒரு வெறி உண்டு.

ஸ்வெர்ரேயிடம் அன்று ஒரு செய்தி இருந்தது. ஸ்கார்வோய் தீவில் ஒரு முதியவர் இறந்துவிட்டார். அவர் வீட்டில் இருந்த வலி மாத்திரைகளைக் காணோம். வீடு வீடாகப் போய் முதியவர்களைக் கவனிக்கும் நகராட்சி நர்ஸ் மேல் இறந்தவரின் அண்ணன் மகனுக்குச் சந்தேகம். நகராட்சி விசாரிக்கிறது. எங்கள் தொழிலின் விதிப்படி, குற்றம் சாட்டப்படுகிறவரின் பதிலை அதே செய்தியில் சேர்க்க வேண்டும். குறைந்தது கேட்டிருக்கவாவது வேண்டும்.

"அந்தம்மாவக் கேட்டியா?" என்றார் ஹெர்டிஸ்.

"ஆபீஸுக்கு அடிச்சேன். எடுக்கல."

"இன்னிக்கு மத்தியானம் நகராட்சி ஆபீஸ்ல யாருடா இருப்பா? துடைக்கறவங்ககூட மலை ஏறிட்டாங்க. என்கிட்ட அவங்க கைபேசி நம்பர் இருக்கு. படகு நேரப் பிரச்சினைக்குப் பேசியிருக்கேன். இந்தா, அடி."

ஸ்வெர்ரே நம்பரை வாங்கிக்கொண்டு ஹால்வாரைப் பார்த்தான்.

"ஆபீஸுக்கு அடிச்சாச்சு இல்ல? போதும்" என்றார் ஹால்வார். "கைபேசிக்கு அடிச்சா எடுப்பாங்க. எடுத்தா ஏதாவது சொல்வாங்க. அப்புறம் முதல் பக்கத்துக்கு நான் பண்டிகைக் கோழிக்குஞ்சு படமா போடறது? பேரும் போடலையே, விடு."

"ஸ்கார்வோய்ல எத்தனை வீட்டு நர்ஸ் இருக்காங்க ஹால்வார்?"

"எனக்கென்ன தெரியும்? ஓட்டா கேக்கப் போறேன் அங்க?"

"ஒருத்தர்தான்."

"அப்போ தீவுக்காரங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருக்கும். நாம புதுசா என்ன சொல்லிட்டோம்?"

ஹெர்டிஸ் திட்டினார். ஆனால் தொலைபேசியை எடுக்கவில்லை. மேலங்கியை மாட்டிக்கொண்டு பேருந்துக்குப் போனார். மாலையில் செய்தி வந்தது: "ஸ்கார்வோயில் பணிபுரியும், ஐம்பது வயதைக் கடந்த வீட்டு நர்ஸ் ஒருவர்." கடைசி வரி: "அவரது கருத்தை அறியப் பலமுறை முயன்றும் இயலவில்லை."

அந்த நர்ஸின் பெயர் யோருன் வீக். பெரிய வெள்ளியன்று ஸ்கார்வோய் ஜெபவீட்டில் "நம் நடுவே சோதனைக்கு உள்ளான ஒரு சகோதரிக்காக" எல்லோரும் தலைகுனிந்து ஜெபித்தார்கள். அவர்களும் பெயர் சொல்லவில்லை. பத்திரிகையும் ஜெபவீடும் ஒரே நாகரிகத்தை ஒரே வாரத்தில் கடைப்பிடித்தன. யோருன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவரோடு பெஞ்சைப் பகிர்ந்துகொள்ள அன்று யாரும் வரவில்லை. ஞாயிறன்று புண்ணுக்குக் கட்டு மாற்றப் போன வீட்டில், கிழவரின் மகள் கதவைப் பாதி திறந்து, "நாங்களே பாத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டாள். நகராட்சி அவரை வேலையிலிருந்து விலகியிருக்கச் சொன்னது.

மே மாதத்தில் எல்லாம் தெளிந்தது. இறப்பதற்கு முந்தைய வாரம் முதியவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது மாத்திரைகளும் அவருடைய பையிலேயே போயிருக்கின்றன. ஆஸ்பத்திரி அவற்றை வாங்கி வைத்திருக்கிறது. பையைக் கட்டிக் கொடுத்ததே யோருன்தான். யாராவது கேட்டிருந்தால் ஒரே வரியில் சொல்லியிருப்பார்.

தெளிந்ததை நாங்கள் உள்பக்கத்தில் சின்னதாகப் போட்டோம். பாதிக் கதவு பாதிக் கதவாகவே இருந்தது. யோருனுக்கு வேண்டியது ஒன்றுதான்: அவரிடம் கேட்கவே இல்லை என்பதை எங்கள் பத்திரிகையே ஒப்புக்கொண்டு எழுத வேண்டும். பதில் சொல்ல முடியாமல் அவர் ஒளிந்துகொண்டதாகத்தான் தீவு நினைத்தது. அவர் மன்றத்தில் முறையிட்டார்.

மன்றம் விளக்கம் கேட்டது. ஹால்வார் எழுதிய பதிலின் நகல் உறுப்பினர்கள் எல்லோருக்கும் போனது, ஹெர்டிஸுக்கும் வந்தது. அலுவலக எண்ணிலும் கைபேசியிலும் பலமுறை அழைத்ததாக அதில் இருந்தது. ஹெர்டிஸ் நேரே ஹால்வாரின் அறைக்குப் போனார். கதவைச் சாத்தவில்லை, அவர் எதற்கும் சாத்தியதில்லை.

"கைபேசிக்கு யார் அடிச்சது?"

"ஸ்வெர்ரே அடிச்சிருப்பான்."

"நான் பக்கத்துல நின்னேன். வேண்டாம்னு நீதான் சொன்ன."

"ஹெர்டிஸ், நம்ம வழக்கு வரும்போது நீ எந்திரிச்சு வெளிய போயிடணும். அதுதானே மன்றத்து விதி? நீயே நூறு தடவை சொல்லியிருக்க. போய்க் காப்பி குடிச்சுட்டு வா."

"அப்ப உண்மை தெரிஞ்ச ஒரே ஆளு காப்பி குடிக்கணும்?"

"விதியை நான் எழுதல, தாயே. உன்னை மாதிரி நல்லவங்கதான் உக்காந்து எழுதினாங்க."

ஹெர்டிஸ் மன்றத் தலைவி டாக்னியைக் கூப்பிட்டார். டாக்னி நல்ல பெண்மணி. வடக்கே ஒரு பத்திரிகையின் ஆசிரியர். மன்றம் சாட்சிகளை விசாரிப்பதில்லை, இரு தரப்பும் எழுதித் தருவதை மட்டுமே பார்க்கும் என்று விளக்கினார். "நீ சொல்றத முறையிட்டவங்க தங்களோட தரப்பாச் சேத்துக்கலாம். அதுக்குத் தடை இல்ல. ஆனா நல்லா யோசிச்சுக்கோ ஹெர்டிஸ். சொந்தப் பத்திரிகைக்கு எதிரா... அப்புறம் உன்னை நம்பி எந்த ஆசிரியர் பக்கத்துல உக்காருவார்?"

ஹெர்டிஸ் படகேறி ஸ்கார்வோய் போனார். யோருன் காப்பி ஊற்றினார், பிஸ்கட் வைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே பொருள்தான்: வந்தவர் விருந்தாளி இல்லை. ஹெர்டிஸ் நடந்ததை எல்லாம் சொல்லி முடித்தார். யோருன் கோப்பையைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"அப்ப என் நம்பர் உங்ககிட்டயே இருந்துச்சு."

"இருந்துச்சு."

"நீங்க ஏன் அடிக்கல?"

"அது ஸ்வெர்ரேயோட செய்தி. அடுத்தவங்க செய்தியில கை வைக்கறதில்லன்னு எங்களுக்குள்ள ஒரு வழக்கம்."

"வழக்கமா."

"அப்புறம்... தப்புன்னா கேக்கறதுக்குத்தான் மன்றம் இருக்கேன்னு நெனச்சேன்."

யோருன் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை அது. "கெழவர் ஒருத்தர் படுக்கையிலருந்து விழறாரு, நான் பக்கத்துல நிக்கறேன். பிடிக்கல. ஏன்னு கேட்டா, எலும்பு டாக்டர் இருக்காரேன்னு சொல்றேன். எப்படி இருக்கும்?"

ஹெர்டிஸுக்கு வாழ்நாளில் முதல் தடவையாகத் திட்ட ஆள் கிடைக்கவில்லை. தான் பார்த்ததையும் கேட்டதையும் அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இதை அவரே எனக்குச் சொன்னார், யோருனின் கேள்வியை ஒரு சொல் விடாமல். நான் யோசித்துப் பார்த்தேன். மன்றத்தை நாயென்று சிரித்த ஸ்வெர்ரேயும், காப்பீடு என்று கணக்குப் போட்ட ஹால்வாரும், உயிராக நம்பிய ஹெர்டிஸும் அந்தப் புதன்கிழமை செய்தது ஒரே காரியம். யாரும் தொலைபேசியை எடுக்கவில்லை. ஹெர்டிஸ் எடுக்காததற்குக் காரணம் அவருடைய நம்பிக்கையே. எந்த நம்பிக்கைக்கும் இந்த நோய் உண்டு. மேலே ஒருவர் பார்த்துக்கொள்வார் என்றால் கீழே இருப்பவன் கையைக் கட்டிக்கொள்வான். மேலே இருப்பது கடவுளா மன்றமா என்பதால் பெரிய வித்தியாசம் ஒன்றும் வந்துவிடவில்லை.

விசாரணை ஒரு ஓட்டலின் கூட்ட அறையில் நடந்தது. யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம். முறையிட்டவர்கூட வாய் திறக்கக் கூடாது. யோருன் பின்வரிசையில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். ஹால்வாரும் நானும் ஓரமாக இருந்தோம். எங்கள் பத்திரிகையின் பெயரை டாக்னி வாசித்ததும் ஹெர்டிஸ் எழுந்தார். கதவுப் பக்கம் போவார் என்று எல்லோரும் பார்த்தோம். அவர் பின்வரிசைக்கு நடந்து யோருனின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

டாக்னி கண்ணாடியைக் கழற்றினார். "ஹெர்டிஸ், வழக்கு சம்பந்தப்பட்டவங்க வெளிய போயிடணும்."

"மேசைய விட்டு வந்துட்டேன். இது பொது விசாரணை. நான் இப்ப பொதுசனம்."

"வழக்கம் அது இல்ல."

"வழக்கம் இல்லதான். விதியில இருந்தா படிச்சுக் காட்டுங்க, போயிடறேன்."

விதியில் இல்லை. ஒருவர் தொண்டையைச் செருமினார். விவாதம் தொடங்கியது.

மேசையில் இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை. முதலில் பெயர் விவகாரம். "பேர் போடல, படம் போடல. இதுக்கு மேல ஒரு பத்திரிகை என்ன செய்யும்?" என்றார் ஒரு ஆசிரியர். வெளியாட்களில் ஒருவரான பள்ளி ஆசிரியை, "தீவுல ஒரே நர்ஸ்தானே?" என்று கேட்டார். "அப்படிப் பாத்தா சின்ன ஊரைப் பத்தி எதுவுமே எழுத முடியாதும்மா" என்று பொறுமையாக அவருக்குப் பாடம் எடுத்தார்கள். விதிமீறல் இல்லை.

அடுத்து, கேட்டார்களா இல்லையா. ஹெர்டிஸ் எழுதித் தந்ததை டாக்னி வாசித்தார். ஹால்வார் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைபேசிக்கு அழைத்ததற்கு ஆதாரம் காட்டச் சொன்னபோது பத்திரிகை எதையும் அனுப்பவில்லை என்பதும் வெளியே வந்தது. சரி, போதுமான முயற்சி இல்லை. இதற்குக் கண்டிப்பு என்று ஒத்துக்கொண்டார்கள். 'விதிமீறல்' என்பது ஒரு படி, 'கண்டிப்பு' என்பது அதற்குக் கீழே இன்னொரு படி. விடுமுறை நெருக்கடியைக் கருத்தில் கொண்டு கீழ்ப்படி.

"அப்ப இந்த ஆசிரியர் நம்மகிட்ட பொய் சொல்லியிருக்காரே?" என்று கேட்டார் பள்ளி ஆசிரியை.

டாக்னி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். பிறகு சங்கடத்தோடு சொன்னார்: "நம்ம அதிகாரம் அச்சுல வந்ததுக்கு மட்டும்தான். மன்றத்துக்குச் சொன்ன பதில் அச்சுல வரல."

"அப்ப அதை யார் கேப்பாங்க?"

அதற்கு விதியில் ஒருவரும் இல்லை. அடுத்த வழக்கை எடுத்தார்கள்.

யோருன் எழுந்து ஹெர்டிஸிடம், "முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

"முடிஞ்சுது. நீங்க ஜெயிச்சுட்டீங்க" என்றார் ஹெர்டிஸ். சொல்லும்போது அவர் முகம் ஜன்னல் பக்கம் இருந்தது.

தீர்ப்பை நாங்கள் அச்சிட வேண்டிய நாள் வந்தது. மன்றத்தின் நடையில் தீர்ப்பு எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்: பிரிவு, உட்பிரிவு, "சமகால மறுமொழிக்கான வாய்ப்பு". ஆஸ்பத்திரிப் பை அதில் எங்கேயும் இல்லை. 'கேட்கவில்லை' என்ற சொல்லும் இல்லை. பக்கத்தை நான்தான் அமைத்துக்கொண்டிருந்தேன். ஹெர்டிஸ் என் மேசையில் வந்து சாய்ந்து, தொலைபேசியை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்து ஸ்கார்வோய்க்கு அடித்தார். உடனே எடுத்தார்கள்.

"யோருன், நாளைக்கு இந்தத் தீர்ப்பு வருது. உங்க பதில் என்ன?"

"இப்பக் கேக்கறீங்களா?" என்றது குரல். "மாத்திரை அவரோட பையிலயே ஆஸ்பத்திரிக்குப் போச்சு. நான்தான் கட்டிக் குடுத்தேன். அன்னிக்கு யாரும் என்னைக் கேக்கல. அவ்வளவுதான். எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

அந்த வரிகளை நான் தீர்ப்புக்குக் கீழே சேர்த்தேன். ஸ்வெர்ரே கணினித் திரைக்குள் தலையை விட்டுக்கொண்டான். ஹால்வார் அறையிலிருந்து வந்தார்.

"தீர்ப்புக்குக் கீழ பதில் போடற வழக்கம் எங்கயும் கிடையாது. எடுத்துடு."

எடுத்தவன் நான். ஆசிரியர் சொன்னால் எடுப்பதுதான் என் வேலை. ஹெர்டிஸ் மேலங்கியை மாட்டினார்.

மறுநாள் அதிகாலை ஸ்கார்வோய்க்குப் போகும் பத்திரிகைக் கட்டு படகுத்துறைக் கொட்டகையில் கிடந்தது. ஹெர்டிஸ் அதை அவிழ்த்து, காத்திருப்போர் பெஞ்சில் வைத்து, ஒவ்வொரு இதழிலும் தீர்ப்புக்குக் கீழே பேனாவால் யோருனின் வரிகளை எழுதினார்.

படகுக்காரர் எட்டிப் பார்த்திருக்கிறார். "என்ன ஹெர்டிஸ், கையெழுத்துப் போட்டு விக்கறியா? அவ்வளவு பெரிய ஆளாயிட்டியா?"

"ஆமா. சும்மா நிக்காத, இந்தப் பக்கத்தப் பிடி, காத்துல பறக்குது."

அவர் பிடித்துக்கொண்டார். படகு கொஞ்சம் தாமதமாகக் கிளம்பியது.

அச்சான இதழைத் திருத்தியதற்காக ஹால்வார் மன்றத்திடம் முறையிட்டார். பத்திரிகை வெளியான பிறகு ஆசிரியரின் அனுமதியில்லாமல் அதில் ஒரு சொல்லைக்கூடச் சேர்ப்பது தொழில் தர்மத்துக்கு விரோதம் என்று மன்றம் ஏகமனதாக முடிவு செய்தது. கீழ்ப்படியெல்லாம் இல்லை, நேரே விதிமீறல். இது பேனாவால் எழுதியதாயிற்றே, அச்சில் வந்ததுதானா என்று யாரும் கேட்கவில்லை. மன்றத்திலிருந்தும் பத்திரிகையிலிருந்தும் ஹெர்டிஸ் அதே மாதம் விலகினார். விலக்கவில்லை, எங்கள் நாட்டில் யாரையும் விலக்குவதில்லை. மரியாதையாகப் பேசிக் கேட்டுக்கொள்வோம்.

தீவில் அந்த வரிகளை எல்லோரும் படித்தார்கள் என்று படகுக்காரர் சொன்னார். ஜெபவீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒரு பெண், கதவைப் பாதி திறந்த அந்த மகள், யோருன் வீட்டுக்கு வந்து வாசலில் நின்று, "எங்களுக்கு எப்படித் தெரியும்? பத்திரிகையில போட்டிருந்துச்சு" என்றாளாம். யோருன் அவளை உள்ளே கூப்பிடவில்லை. இலையுதிர் காலத்தில் வீட்டை விற்றுவிட்டு வடக்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஸ்கார்வோய்க்கு இப்போது நிரந்தர நர்ஸ் இல்லை. வாரத்துக்கு இரண்டு நாள் வேறொருவர் படகில் வந்து போகிறார்.

ஹால்வார் இன்னும் ஆசிரியர்தான். இந்த ஆண்டு மன்றத்துக்கு அவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.